நாள் பூரா உழைக்கிற உடம்புக்கு விளையாட்டு எதுக்கு? மன அழுத்தமும் மைதானமும்: ஒரு விளக்கம்

திருப்பூரில் காங்கேயம் ரோட்டில் இருக்கிறது நல்லூர். தனி நகராட்சியாக இருந்து, 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. வாரத்தில் ஆறு நாள் இங்கே பலருடைய நேரம் பனியன் கம்பெனிகளின் கையில். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைக்க, கறி எடுக்க, ஊருக்கு போன் பேச, கொஞ்சம் தூங்க.

அந்த ஞாயிறு காலையில், "வா மாப்ள, கிரவுண்டுக்கு போலாம்" என்று யாராவது கூப்பிட்டால் பல வீடுகளில் வரும் பதில் இதுதான்: "ஆறு நாளா நின்னு நின்னு காலே வீங்கிக் கிடக்குது. இதுல ஓடி வேற ஆடணுமா?"

நியாயமான கேள்வி. கட்டிங் டேபிளிலும் அயர்னிங் டேபிளிலும் 12 மணி நேரம் நிற்பவருக்கு உடல் உழைப்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. உடல் அசைந்தால் டென்ஷன் குறையும் என்பது உண்மையென்றால், தமிழ்நாட்டிலேயே டென்ஷன் இல்லாத ஊராகத் திருப்பூர் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லையே, ஏன்? இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்களிடம் தெளிவான ஒரு பதில் இருக்கிறது.

ஒரே ஆண்டில் இரண்டு செய்தி

2025 ஜூலை 6-ம் தேதி, டிஎன்பிஎல் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி, திருப்பூர் தமிழன்ஸ் முதல் முறையாகக் கோப்பையை வென்றது. ஊரே கொண்டாடியது.

ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த இறக்குமதி வரி 50 சதவீதமானது. 2024-25-ல் ரூ.44 ஆயிரம் கோடிக்கும் மேல் ஏற்றுமதி செய்த ஊர் இது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. ஆர்டர் நிற்குமா, ஓவர்டைம் இருக்குமா, அடுத்த மாதத் தவணை எப்படி என்ற கவலை முதலாளியில் தொடங்கி கைமடி வேலை செய்பவர் வரை வந்தது.

இந்த ஊருக்கு இப்படிப்பட்ட அதிர்ச்சி புதிதல்ல. சாயக்கழிவு பிரச்சினையில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. நூல் விலை, கரன்ட் கட்டணம், ஷிப்மென்ட் தேதி என்று ஏதோ ஒன்று எப்போதும் தலைக்கு மேல் தொங்கும். மெர்ச்சண்டைசர்களுக்கு இது இன்னொரு வடிவத்தில் வருகிறது. பையர் இருக்கும் ஊரில் பகல் என்றால் இங்கே இரவு. சாப்பிடும்போதும் ஒரு கண் மெயிலில்தான்.

டென்ஷன் என்றால் உடம்பில் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மூளை நினைத்ததும், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகளுக்குத் தகவல் போகிறது. அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வாங்கும். கொஞ்ச நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் சேர்ந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஓடு அல்லது சண்டை போடு என்பதற்கான தயாரிப்பு இது. நாய் துரத்தினால் மிகவும் பயன்படும். ஓடி முடித்ததும் எல்லாம் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், "பீஸ் ரிஜெக்ட் ஆயிருச்சு" என்ற மெயிலுக்கும் உடம்பு இதே தயாரிப்பைத்தான் செய்கிறது. ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. நாற்காலியிலோ மிஷினிலோ உட்கார்ந்தபடியே அந்த வேகத்தை உள்ளே வைத்திருக்க வேண்டும். அது இறங்குவதற்குள் அடுத்த மெயில். இப்படியே மாதக்கணக்கில் போனால் தூக்கம் கெடும், கோபம் முன்னால் நிற்கும், ரத்த அழுத்தம் ஏறும்.

ஓடி ஆடும்போதும் இதயம் துடிக்கிறது, கார்ட்டிசாலும் ஏறுகிறது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அது இறங்குகிறது. ஏறி இறங்கும் இந்தப் பழக்கம் உடம்புக்கு ஒரு பயிற்சி. தொடர்ந்து விளையாடுபவர்களின் உடம்பு மற்ற டென்ஷன்களிலிருந்தும் சீக்கிரம் மீளும் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று.

வேலையும் உழைப்புதானே, அது ஏன் உதவவில்லை?

டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சுமார் 10 ஆண்டு கவனித்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அபாயம் குறைவாக இருந்தது. வேலையில் மிகக் கடுமையாக உடலை வருத்துபவர்களுக்கோ அந்த அபாயம் 35 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. புகைப்பழக்கம், படிப்பு போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இதே முடிவுதான். ஆய்வாளர்கள் இதை 'உடல் உழைப்பின் முரண்' என்கிறார்கள்.

இது இதயத்தைப் பற்றியது. மனசு? பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த ஓர் அலசலும் இதே திசையைத்தான் காட்டியது. ஓய்வு நேர உடற்பயிற்சி நல்ல மனநலத்தோடு சேர்ந்து வருகிறது. வேலையில் செய்யும் உடல் உழைப்பு அப்படி இல்லை; அது மனநலக் குறைவோடு சேர்ந்து வருகிறது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அயர்னிங் டேபிளில் ஒரே தசை, ஒரே அசைவு, மணிக்கணக்கில். இதயம் நன்றாகத் துடிக்கும் அளவுக்கு வேகமும் கிடையாது, களைத்தால் உட்காரும் உரிமையும் கிடையாது. வேகத்தை முடிவு செய்வது டார்கெட். விளையாட்டில் முழு உடம்பும் வேலை செய்கிறது. மூச்சு வாங்கினால் "ஒரு நிமிசம் இரு மாப்ள" என்று சொல்லிவிட்டு ஓரமாய் உட்காரலாம். அதே உடம்பு, அதே வியர்வை. ஆனால் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது நம் கையில்.

ஆட்டம் மனசுக்குச் செய்வது என்ன?

வேலைக்குப் பிறகு மனசு எப்படித் தேறுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர்கள் சபீனே சோன்னென்டாக், ஷார்லோட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007-ல் நான்காகப் பிரித்துக் காட்டினார்கள்: வேலை நினைப்பிலிருந்து முழுசாக விலகுவது, இளைப்பாறுவது, ஒன்றில் கை தேர்வது, நம் நேரத்தை நாமே ஆளுவது. போனைத் தள்ளிக்கொண்டே சோபாவில் கிடந்தால் இரண்டாவது மட்டும் கொஞ்சம் கிடைக்கும். விளையாட்டில் மற்ற மூன்றும் ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன.

* விலகல்: டிரெட்மில்லில் ஓடிக்கொண்டே ஷிப்மென்ட்டை நினைக்கலாம். ஷட்டில் காக் முகத்துக்கு நேரே வரும்போது நினைக்க முடியாது. கபடியில் ரெய்டு போகிறவருக்கு எதிரில் நிற்கும் ஏழு பேரைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேரம் கவலை தானாகவே ஒதுங்கி நிற்கிறது.

* கை தேர்தல்: போன மாதம் நெட்டைத் தாண்டாத சர்வீஸ் இந்த மாதம் தாண்டுகிறது. வேலையில் எவ்வளவு செய்தாலும் "இன்னும் வேகம் வேணும்" என்று கேட்பவருக்கு, இது தானே பார்த்துத் தானே மகிழும் முன்னேற்றம்.

* கூட்டாளி: இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படகு வலிக்கும் மாணவர்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. தனியாக வலித்தபோதும், குழுவாகச் சேர்ந்து வலித்தபோதும் உழைப்பு ஒரே அளவுதான். ஆனால் சேர்ந்து வலித்த பிறகு அவர்களின் வலி தாங்கும் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்கு கூடியிருந்தது. சேர்ந்து அசையும்போது எண்டார்ஃபின் என்ற இயற்கை வலி நிவாரணி கூடுதலாகச் சுரப்பதே காரணம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

மூன்றாவது விஷயம் நல்லூருக்கு இன்னும் முக்கியம். மதுரை, தேனி, விருதுநகர் பக்கமிருந்தும், பீகார், ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள் நிறைய. கம்பெனியில் சூப்பர்வைசர், ரூமில் நாலு சுவர். மைதானத்தில்தான் "நேத்து ஏண்ணா வரல?" என்று கேட்க ஓர் ஆள் கிடைக்கிறது. ஹிந்தி தெரியாதவரும் தமிழ் தெரியாதவரும் ஒரே டீமில் ஆட, "பாஸ்", "அவுட்" என்ற இரண்டு வார்த்தை போதும்.

ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

இதில் அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவில் 12 லட்சம் பேரின் தகவல்களைக் கொண்டு 2018-ல் வெளியான ஆய்வு. உடற்பயிற்சி செய்பவர்களுக்கு, மனசு சரியில்லாத நாட்கள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக இருந்தன. எல்லாப் பயிற்சியும் உதவியது. முதலிடம் குழு விளையாட்டுக்கு. வாரம் மூன்று முதல் ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 45 நிமிடம் என்பதே நல்ல பலன் தந்த அளவு. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனவர்களின் நிலையோ ஒன்றுமே செய்யாதவர்களைவிட மோசமாக இருந்தது.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. விளையாடுவதால் மனசு நன்றாக இருக்கிறதா, மனசு நன்றாக இருப்பவர்தான் விளையாடப் போகிறாரா? கணக்கெடுப்பு ஆய்வுகளால் இதற்கு முழு பதில் தர முடியாது. ஆட்களை இரு பிரிவாகப் பிரித்துச் சோதிக்கும் ஆய்வுகள் வேண்டும். மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடம் நடந்த அப்படிப்பட்ட 218 சோதனைகளைத் தொகுத்து 2024-ல் ஓர் அலசல் வெளியானது. நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் கணிசமாகக் குறைத்தன என்பது அதன் முடிவு. ஆக, பலன் உண்டு. அது மாயமருந்து என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஞாயிறு மட்டும் ஆடினால் போதுமா?

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு இதைத் தினமும் பிரித்துச் செய்ய வழியில்லை.

அவர்களுக்கு ஓர் ஆறுதல்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் 63 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைக் கவனித்து 2017-ல் வெளியான ஆய்வில், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் இந்த அளவை எட்டியவர்களுக்கும் இறப்பு அபாயம் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஞாயிறு ஆட்டம் வீண் இல்லை. ஆனால் ஆறு நாள் அசையாமல் உட்கார்ந்துவிட்டு ஏழாவது நாள் நேராக பவுலிங் போட ஓடினால் தசை பிடிக்கும். பத்து நிமிட வார்ம்-அப் கட்டாயம்.

பெண்களுக்கு மைதானம் எங்கே?

சிங்கர், செக்கிங், பேக்கிங் என்று பனியன் கம்பெனிகளை நடத்துவதில் பெரும் பங்கு பெண்களுடையது. ஞாயிறு காலை மைதானத்தில் பார்த்தால் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்கு கம்பெனியில் ஒரு ஷிப்ட், வீட்டில் ஒரு ஷிப்ட். மைதானத்துக்கு நேரமும் இல்லை, போனால் "இந்த வயசுல இவளுக்கு என்ன ஆட்டம்?" என்ற பேச்சும் வரும்.

கொங்குப் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வள்ளி கும்மி. கடந்த சில ஆண்டுகளில் திருப்பூர், ஈரோடு, கோவை ஊர்களில் மாலை நேரப் பயிற்சிகளும் கோயில் திடல் அரங்கேற்றங்களும் பெருகிவிட்டன. சின்னப் பிள்ளையிலிருந்து பாட்டி வரை ஒரே நிறச் சேலையில், ஒரே தாளத்தில் அடவு போடுகிறார்கள். இது போட்டி விளையாட்டு இல்லைதான். ஆனால் மூச்சு வாங்கும் அசைவு, கவனம் சிதறாத அடவு, கூடவே ஆடும் பத்துப் பேர் என்று படகு ஆய்வில் பார்த்த எல்லாமே இதில் உண்டு. கோயில் விழாவுக்கான ஆட்டம் என்பதால் வீட்டில் தடை சொல்வதும் குறைவு.

நேரம் யார் கொடுப்பது?

"விளையாடுங்கள்" என்று அறிவுரை சொல்வது சுலபம். நேரம்? இதற்கு விடை தேடினால் இன்னொரு துணி ஊருக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் சனிக்கிழமையும் மாலை வரை வேலை. 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், பெண்களும் இளையவர்களும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. மெல்ல எல்லாருக்குமே அரை நாள் விடுப்பு என்றானது. அந்த மதிய நேரத்தில்தான் தொழிலாளர்களின் கால்பந்து வளர்ந்தது. 1883-ல் லங்காஷயரின் நெசவு ஊரான பிளாக்பர்னிலிருந்து வந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, சீமான் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2-1 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வென்றது. வென்றவர்களில் நெசவாளிகளும் இருந்தார்கள்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1996-97-ல் நடந்த முதல் தேசிய கால்பந்து லீக்கை வென்றது, பஞ்சாபின் பக்வாராவில் ஒரு ஜவுளி ஆலை நடத்திய ஜேசிடி அணி.

ஆலைத் தொழிலாளிக்கு விளையாட்டு வந்தது நேரம் வந்த பிறகுதான். வாரம் 48 மணி நேர வேலை என்ற வரம்பை இந்தியாவில் 1948 தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பையும், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்ததையும் இந்தப் பின்னணியில் பார்க்கலாம். ஓவர்டைம் காசு இல்லாமல் வாடகை கட்ட முடியாத ஒருவரிடம் "ஷட்டில் ஆடுங்க, சரியாகிடும்" என்பது பாதி அறிவுரைதான். ஆர்டர் குறைந்த மாதத்தில் கம்பெனி வாசலில் ஒரு வாலிபால் நெட் கட்டுவதும், ஞாயிறை ஞாயிறாகவே விட்டுவைப்பதும் முதலாளிகளால் முடிகிற மீதி.

விளையாட்டே டென்ஷன் ஆகிவிட்டால்?

அதுவும் நடக்கும். சில எச்சரிக்கைகள்:

* பந்தயம் கட்டி ஆடும் ஆட்டம் டென்ஷனைக் குறைக்காது, கடனைக் கூட்டும். போன் ஆப்பில் டீம் போட்டுக் காசு கட்டுவது விளையாட்டே இல்லை.
* தோற்றால் இரண்டு நாள் பேசாமல் இருக்கும் அளவுக்குப் போட்டி என்றால், அது இன்னொரு டார்கெட்.
* இரவு 10 மணி டர்ஃப் ஆட்டம் தவறில்லை. ஆனால் கடுமையாக ஆடி முடித்ததற்கும் படுப்பதற்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் தூக்கம் தள்ளிப்போகும்.
* நெஞ்சு வலி, மயக்கம் வந்திருந்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

விளையாட்டால் முடியாதது

கடன், வேலை இழப்பு, வீட்டில் வன்முறை ஆகியவற்றை எந்த விளையாட்டும் தீர்க்காது. அவற்றைச் சந்திக்கத் தேவையான தெம்பையும், பேச ஓர் ஆளையும் அது தரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த ஆட்டத்தில்கூட மனம் ஒட்டவில்லை என்றால், அது மைதானத்தில் தீர்கிற விஷயம் இல்லை; சிகிச்சை தேவை. மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடாமல் உடனே கூப்பிட வேண்டும்.

டீமில் வழக்கமாக வருகிறவர் திடீரென்று நாலு வாரமாக வரவில்லை என்றால், அதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் கூட ஆடுபவர்தான். ஒரு போன் போட்டு விசாரிப்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

"ஆறு நாள் உழைச்ச உடம்புக்கு விளையாட்டு எதுக்கு?" என்று கேட்டவருக்கு, இனி இப்படிச் சொல்லலாம்: "ஆறு நாள் கம்பெனிக்காக ஓடுனீங்கண்ணா. ஒரு மணி நேரம் உங்களுக்காக ஓடுங்க. முடியலீன்னா ஓரமா உட்கார்ந்து ஸ்கோர் எழுதுங்க. வந்தா போதும்."